ஆவணம் ஒன்று சொல்ல, ஏபிஐ வேறொன்று தரும்போது

செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறைகளுக்காக ஒரு சேலம் டீம் எழுதிய ஆர்டர் ஏபிஐ (ஒரு மென்பொருள் இன்னொன்றிடம் தரவு கேட்டுப் பெறும் வழி) என்று வைத்துக்கொள்வோம். அதன் பயன்பாட்டை விளக்கும் ஆவணத்தில் ஒரு ஜோடியின் எடை, கிராமில், முழு எண்: 52. சர்வர் அனுப்புவதோ "52.350", அதுவும் மேற்கோள்குறிக்குள், ஸ்ட்ரிங்காக, அதாவது எண்ணாக இல்லாமல் எழுத்துத் தொடராக. ஆவணத்தை நம்பி முழு எண்ணாக மாற்றினால் ஜோடிக்கு 350 மில்லிகிராம் வெள்ளி கணக்கில் காணாமல் போகும்.

எடுத்தவுடன் ஆவணத்தில் கைவைக்காதீர்கள். டெஸ்ட் சர்வரை கர்ல் (கட்டளை வரியிலிருந்து சர்வரை அழைக்கும் கருவி) மூலம் அழைத்து, வரும் பதிலை அப்படியே சேமியுங்கள். ஃபீல்டின் பெயர், வகை, காலியாக வருமா என்று ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். டோக்கன் (அழைப்பவர் யாரென்று காட்டும் சாவி) இல்லாமலும் அழையுங்கள், 401 என்ற பிழை எண் வர வேண்டும். இல்லாத ஆர்டர் எண்ணுக்கு 404, அதாவது 'கிடைக்கவில்லை'. பிழைப் பதில்களை யாரும் சரிபார்ப்பதில்லை, பழசு அங்கேதான் தேங்கும்.

முரண்பட்டால் ஆவணம்தான் தப்பு என்று முடிவுகட்ட வேண்டாம். கோடில் பிழை இருக்கலாம். அந்த வரி எந்தக் கமிட்டில் (சேமித்த மாற்றத்தில்), ஏன் மாறியது என்று, ஒவ்வொரு வரியும் கடைசியாக எப்போது மாறியது எனக் காட்டும் கிட் பிளேமில் பாருங்கள்.

ஆவணத்தில் காட்டும் மாதிரி ஜேசனை (ஏபிஐ பதில் வரும் தரவு வடிவம்) கையால் தட்டாமல், சேமித்த பதிலையே ஒட்டுங்கள். டோக்கன், போன் எண்ணை மட்டும் மாற்றிவிடுங்கள். இன்னும் இயங்கும் பழைய எண்ட்பாயிண்டை (ஏபிஐயை அழைக்கும் முகவரி) அழிக்காமல், ஏபிஐயை விவரிக்கும் ஓப்பன்ஏபிஐ கோப்பில் 'டெப்ரிகேட்டட்' (இனிப் பயன்படுத்த வேண்டாம்) எனக் குறித்து, மாற்று எது என்றும் எழுதுங்கள். இனி கோடு மாற்றமும் ஆவண மாற்றமும் ஒரே புல் ரிக்வெஸ்டில் (மாற்றத்தைச் சேர்க்கக் கேட்கும் கோரிக்கை) வரட்டும்.