லினக்ஸ் கெர்னலின் பின்னணி இழைகள்: பெயரைப் படித்து நிர்வகிப்பது எப்படி?

டெர்மினலைத் திறந்து டாப் கட்டளையை இயக்கினால், நீங்கள் தொடங்காத எத்தனையோ வேலைகள் பட்டியலில் ஓடிக்கொண்டிருக்கும். அவற்றில் பெரும்பகுதி, லினக்ஸின் மையமான கெர்னல் தனக்காக வைத்திருக்கும் பின்னணி இழைகள், அதாவது தனித்தனியே ஓடும் சிறு வேலைத் தொடர்கள். இவற்றின் பெயரைப் படிக்கப் பழகுங்கள். எந்த இழை எந்த சி.பி.யூ.வுக்குச் சொந்தம், எதை நகர்த்தலாம், எதைத் தொடக்கூடாது என்பதெல்லாம் பெயரிலேயே தெரிந்துவிடும்.

முதல் படி: டாப் திரையில் சிறிய சி எழுத்தை அழுத்துங்கள். சதுர அடைப்புக்குறிக்குள் தெரிபவை கெர்னல் இழைகள். அவற்றுக்கு நினைவகம் 0 என்றே காட்டும். செயல் எண் (பி.ஐ.டி.) 2 கொண்ட கேத்ரெட்-டிதான் மற்ற கெர்னல் இழைகளுக்கெல்லாம் தாய்.

இரண்டாம் படி: எஃப் எழுத்தை அழுத்தினால் பத்திகளின் பட்டியல் வரும். அதில் பி என்ற பத்திக்கு இறங்கி, ஸ்பேஸ் தட்டி, எஸ்கேப் அழுத்தி வெளியே வாருங்கள். ஒவ்வொரு இழையும் கடைசியாக எந்த சி.பி.யூ.வில் ஓடியது என்பது இப்போது தெரியும்.

மூன்றாம் படியில் நிதானமாக இருங்கள். 'கேசாஃப்ட்ஐஆர்க்யூ-டி/3' என்றால் எண் 3 கொண்ட சி.பி.யூ.வின் இழை (எண்கள் 0-இல் தொடங்கும்). 'மைக்ரேஷன்/3' என்பதும் அப்படியே. 'கேவொர்க்கர்/3:1' என்பது அதே சி.பி.யூ.வின் வேலையாள், கடைசியில் ஹெச் இருந்தால் அதற்கு முன்னுரிமை அதிகம். ஆனால் 'கேவொர்க்கர்/யூ8:2' எந்த சி.பி.யூ.வோடும் கட்டப்படாதது. இந்த 8 ஒரு குழுவின் எண்; அதை சி.பி.யூ. எண் என்று பலரும் தவறாக நினைத்துக்கொள்கிறார்கள்.

இந்த வேலையாள் முறை 2010இல், கெர்னலின் 2.6.36 பதிப்பில், டெஜுன் ஹியோவின் உழைப்பால் வந்தது. அதற்கு முன் பல வேலை வரிசைகள் (கெர்னலின் பகுதிகள் பிறகு செய்யவேண்டிய வேலைகளைப் போட்டுவைக்கும் பட்டியல்கள்) ஒவ்வொரு சி.பி.யூ.வுக்கும் தனித்தனி இழை வைத்துக்கொள்ளும். சி.பி.யூ.க்கள் மிகுந்த சில கணினிகளில், இயங்கத் தொடங்கும்போதே 32 ஆயிரம் செயல் எண்களும் தீர்ந்துபோயின! இப்போது எல்லா வரிசைகளும் பொதுவான வேலையாட்களைப் பகிர்ந்துகொள்கின்றன. எனக்கு லினக்ஸில் மிகவும் பிடித்த வடிவமைப்புகளில் இதுவும் ஒன்று.

நான்காம் படி: ஒரு கேவொர்க்கர் சி.பி.யூ.வை விழுங்கினால், ஒரு வேலையை நிறுத்தச் சமிக்ஞை அனுப்பும் கில் கட்டளையை நாடாதீர்கள். கெர்னல் இழைகள் அந்தச் சமிக்ஞையைப் பொருட்படுத்துவதில்லை. அது யாருடைய வேலையைச் செய்கிறது என்று பாருங்கள். கெர்னல் 4.18 பதிப்பு முதல் இழையின் பெயருக்குப் பின்னால் வேலை வரிசையின் பெயரும் வருகிறது. வரிசையின் பெயருக்கு முன்னால் கூட்டல் குறி இருந்தால் வேலை நடக்கிறது. கழித்தல் குறி என்றால் கடைசியாகச் செய்த வேலை அது. இன்னும் ஆழமாகப் பார்க்க, ப்ராக் அடைவில் அந்த இழையின் எண்ணுக்குள் இருக்கும் ஸ்டாக் கோப்பை ரூட் (நிர்வாகி) அனுமதியோடு படியுங்கள். சிக்கல் தரும் டிரைவரின் பெயர் பெரும்பாலும் அங்கேயே அகப்படும்.

ஐந்தாம் படி: கட்டப்படாத வேலையாட்களைச் சில சி.பி.யூ.க்களுக்குள் ஒதுக்கலாம். சிஸ் அடைவில் டிவைசஸ், வர்ச்சுவல், வொர்க்க்யூ என்று உள்ளே போனால் சி.பி.யூ.மாஸ்க் என்ற கோப்பு இருக்கும். நான்கு சி.பி.யூ. உள்ள கணினியில் அதில் 3 என்று எழுதுங்கள். இரும எண்ணில் அது 0011. ஆகவே 0, 1 ஆகிய இரண்டில் மட்டும் வேலை நடக்கும். கணினியை மறுபடி தொடங்கினால் பழைய நிலை திரும்பிவிடும். கேசாஃப்ட்ஐஆர்க்யூ-டி போன்ற கட்டப்பட்ட இழையை, சி.பி.யூ. ஒதுக்கும் டாஸ்க்செட் கட்டளை கொண்டு நகர்த்த முயன்றால் கெர்னல் மறுத்துவிடும். மறுப்பதுதான் சரி: அந்த சி.பி.யூ.வின் வேலையை வேறிடத்தில் வைத்துச் செய்ய முடியாது.

கடைசியாக ஒரு சோதனை. இதை மெய்நிகர் கணினியில் மட்டும் செய்யுங்கள். சிஸ் அடைவில் டிவைசஸ், சிஸ்டம், சி.பி.யூ. வழியாக சி.பி.யூ.3-க்குள் போய், ஆன்லைன் கோப்பில் 0 எழுதுங்கள். டாப்பில் கேசாஃப்ட்ஐஆர்க்யூ-டி/3 மறையாது. நிலைப் பத்தியில் பி என்று மாறியிருக்கும். இழை அழியவில்லை, நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது. அதே கோப்பில் 1 எழுதினால் மறுபடி எழுந்து வேலைக்குத் தயாராகிவிடும்.