டைரி எழுதுவது எப்படி? பாதி வேலை எழுதுவதில், மீதி படிப்பதில்

புத்தாண்டில் ஆரம்பிக்கும் டைரி பெரும்பாலும் பொங்கலுக்குள் நின்றுவிடும். சோம்பல் மட்டுமே காரணமில்லை. "காலையில் எழுந்தேன், பஸ் லேட், மதியம் புளிசாதம்" என்று எழுதிக்கொண்டே போனால் யாருக்குத்தான் சலிக்காது? எழுதியதைத் திரும்பப் படித்தால்தான் நம்மைப் பற்றி ஏதாவது தெரியவரும். அதற்குத் தோதாக எப்படி எழுதுவது என்று முதலிலிருந்து பார்ப்போம்.

1. நோட்டு

தேதி அச்சிட்ட டைரி வேண்டாம். எல்ஐசி ஏஜென்ட் இலவசமாகக் கொடுத்தாலும் அதைப் பால் கணக்குக்கு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு நாள் விட்டுப்போனால் காலிப் பக்கம் நம்மை முறைக்கும். சாதாரண நோட்டு வாங்கி, எழுதுகிற அன்று தேதியைப் போடுங்கள். போனிலும் எழுதலாம்தான், நடுவில் வாட்ஸ்அப் வந்தால் அதோடு சரி.

2. நேரம்

தினமும் எப்படியும் செய்கிற ஒரு வேலையை ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். சொசைட்டியில் பால் ஊற்றிவிட்டு வந்ததும், அல்லது பிள்ளைகள் தூங்கியதும். கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் கம்பெனிக்கு ஷிப்ட்டில் போகிறவர்களுக்கு ராத்திரி எது, பகல் எது என்பதே வாரத்துக்கு வாரம் மாறும். உங்களுக்கு ஷிப்ட் முடிந்தால் நாள் முடிந்தது. பத்து நிமிடம் போதும்.

3. என்ன எழுதுவது

இங்கேதான் கொஞ்சம் கவனம் வேண்டும். முழு நாளையும் எழுதாதீர்கள். மனசில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரே ஒரு சம்பவம் போதும். என்ன நடந்தது, நான் என்ன செய்தேன், அப்போது எப்படி இருந்தது. இந்த வரிசையிலேயே எழுதுங்கள்.

தருமபுரிப் பக்கத்து நடுகற்களில் இருக்கும் எழுத்தைப் படித்திருக்கிறீர்களா? இன்ன அரசனின் இத்தனையாவது ஆண்டில், இன்ன ஊர்த் தொறு (மாட்டு மந்தை) மீட்டு இன்னார் பட்டான் (இறந்தான்). பெரும்பாலும் அவ்வளவுதான். நம் முதல் இரண்டு வரியும் அப்படி இருந்தால் நல்லது. மாந்தோப்பு வைத்திருக்கும் ஒருவர் இப்படி எழுதலாம்:

"ஜூன் 12. மண்டியில் பெங்களூரா மாங்காயைப் போன வாரத்தைவிடக் குறைத்துக் கேட்டார்கள். 'சரிங்கண்ணா' என்று தலையாட்டிவிட்டு வந்தேன். தொண்டை அடைத்த மாதிரி இருந்தது. வீட்டுக்கு வந்ததும், சைக்கிளை வாசலில் குறுக்கே போட்டிருக்கிறான் என்று பையனைக் கத்தினேன்."

இதையே "எனக்குக் கோபம் அதிகம்" என்று எழுதியிருந்தால் அதற்குமேல் யோசிக்க எதுவும் இருக்காது.

நடந்தது, உணர்ந்தது இரண்டுமே வேண்டும். 1986-இல் உளவியல் ஆய்வாளர்கள் ஜேம்ஸ் பென்னிபேக்கரும் சாண்ட்ரா பீலும் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்கள் தொடர்ந்து 4 நாள், தினம் 15 நிமிடம், சிலர் தங்களை வாட்டிய சம்பவங்களையும், சிலர் சாதாரண விஷயங்களையும் எழுதினார்கள். சம்பவத்தையும் உணர்ச்சியையும் சேர்த்து எழுதியவர்களுக்கு, எழுதிய கையோடு மனம் இன்னும் கனத்தது. ஆனால் அடுத்து வந்த மாதங்களில், சாதாரண விஷயங்களை எழுதியவர்களைவிட இவர்கள் டாக்டரிடம் போனது குறைவு.

4. ஞாயிற்றுக்கிழமை, பென்சிலோடு

வாரம் முழுக்க எழுதியதை ஒரே மூச்சில் படியுங்கள். எழுத்துப்பிழை திருத்த உட்காராதீர்கள். திரும்பத் திரும்ப வருவதை மட்டும் அடிக்கோடிடுங்கள். "நான் ஏன் இப்படி இருக்கிறேன்?" என்று கேட்டால் நம்மையே திட்டிக்கொள்வதில்தான் போய் முடியும். யாரிடம், எந்த நேரத்தில், அதற்குச் சற்று முன் என்ன நடந்தது என்று பாருங்கள்.

அதே தோப்புக்காரர் வியாழக்கிழமை பக்கத்தில், பங்காளி கடன் கேட்டபோது மறுக்க முடியாமல் கொடுத்ததையும், அன்று ராத்திரி களி கெட்டியாகிவிட்டது என்று மனைவியிடம் சிடுசிடுத்ததையும் எழுதியிருக்கிறார் என்று வையுங்கள். வெளியில் வாய் திறக்காத நாட்களில்தான் வீட்டில் சத்தம். எழுதும்போது அவருக்கே இது தெரிந்திருக்காது; இரண்டு பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் தெரிகிறது.

5. அடுத்த வாரத்துக்கு ஒரு வரி

"கோபத்தை விட்டுவிடுவேன்" என்று எழுதாதீர்கள், அதைச் சரிபார்க்க வழியில்லை. "மண்டியில் ஒரு தடவையாவது 'கொஞ்சம் பார்த்துப் போடுங்கண்ணா' என்று கேட்பேன்" என்று எழுதுங்கள். விலை கூடுவது மண்டிக்காரர் கையில். கேட்டோமா இல்லையா என்பது அடுத்த ஞாயிறு தெரிந்துவிடும்.

6. யார் கண்ணிலாவது பட்டால்?

நாலு பேர் புழங்கும் வீட்டில் நோட்டை ஒளித்து வைக்க இடமேது? "இதை யாரும் எடுக்க வேண்டாம்" என்று நேராகவே சொல்லிவிடுவது நல்லது. பெயருக்குப் பதில் முதலெழுத்துப் போடலாம். ரொம்பச் சங்கடமான பக்கத்தை, படித்து முடித்ததும் கிழித்துப் போட்டாலும் தப்பில்லை.

பழைய துக்கம் ஒன்றை எழுத எழுதப் பாரம் ஏறிக்கொண்டே போனால், அதை அப்படியே நிறுத்திவிட்டு வேறு விஷயத்தை எழுதுங்கள். தூக்கமும் சாப்பாடும் கெடுகிற அளவுக்கு இருந்தால் நோட்டை மட்டும் நம்பிக்கொண்டிருக்க வேண்டாம். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணுக்கு எந்த நேரத்திலும் இலவசமாகக் கூப்பிட்டுத் தமிழிலேயே பேசலாம்.