பழைய நகையை மாற்றும் முன் தண்ணீரில் எடை பார்ப்பது எப்படி

மாங்காய்ப் பணம் கைக்கு வந்ததும் அடகை மீட்பதும், மீட்ட பழைய நகையைக் கொடுத்துப் புதியது வாங்குவதும் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் பல வீடுகளின் வழக்கம். பாட்டி காலத்து வளையலில் முத்திரை ஏதும் இராது என்பதால், கடைக்காரர் உரைகல்லில் ஒரு கோடு இழுத்துச் சொல்வதே அதன் மாற்று, அதாவது தரம், என்றாகிவிடுகிறது. கடைக்குப் புறப்படும் முன்பே, நகையின் தரத்தை ஓரளவு நாமே அறிந்துகொள்ள முடியும்.

அணு எண் 79 கொண்ட தங்கத்தின் அடர்த்தி, ஒரு கன சென்டிமீட்டருக்கு 19.3 கிராம். வெள்ளிக்கு அது 10.5, செம்புக்கு 9-க்கும் சற்றுக் குறைவு. எனவே இவற்றில் எதைக் கலந்தாலும் அடர்த்தி இறங்கும். 22 காரட் நகைக்கு அது ஏறத்தாழ 17.7 ஆகவும், 18 காரட்டுக்கு 15-ஐ ஒட்டியும் இருக்கும். கலந்த உலோகத்தைப் பொறுத்துச் சிறிது மாறலாம்.

0.01 கிராம் வரை காட்டும் சிறிய டிஜிட்டல் தராசு ஒன்று வேண்டும். சமையலறைத் தராசு போதாது. நகையைப் பூந்திக்கொட்டை ஊறிய நீரில் மென்மையான பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, துடைத்து, எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு வழியாத அளவு தண்ணீர் ஊற்றிய சிறு டம்ளரைத் தராசில் வைத்து, காட்டும் எண்ணைச் சுழியமாக்கி, மெல்லிய நூலில் கட்டிய நகையை அடியிலோ பக்கத்திலோ படாமல் தண்ணீருக்குள் முழுவதும் தொங்கவிடுங்கள். ஒரு கன சென்டிமீட்டர் தண்ணீரின் எடை ஒரு கிராம் என்பதால், இப்போது தராசு காட்டும் எண்தான் நகையின் கன அளவு. முதல் எடையை இதனால் வகுக்க வேண்டும். இரண்டு பவுன், அதாவது 16 கிராம் வளையலுக்கு 0.90 வந்தால் 22 காரட்டுக்கு ஒத்துவருகிறது, 1.05 வந்தால் 18 காரட், 1.9 அளவில் வந்தால் கையில் இருப்பது பித்தளைதான்.

சித்திர வேலைப்பாட்டின் இடுக்கில் ஒட்டியிருக்கும் ஒரு காற்றுக்குமிழி கன அளவைக் கூட்டி, நல்ல நகையையும் மட்டமானதாகக் காட்டிவிடும். ஆகவே நூலை மெல்ல ஆட்டிக் குமிழிகளை உதிர்த்து, மூன்று முறை அளந்து பாருங்கள். கல் பதித்தது, அரக்கு நிரப்பியது, உள்ளே கூடானது ஆகியவற்றுக்கு இம்முறை ஒத்துவராது. அரைப் பவுனுக்குக் குறைந்த கம்மலில் தராசின் பிழையே விடையை விழுங்கிவிடும். தங்கத்துக்கு ஏறக்குறைய சமமான அடர்த்தியுள்ள டங்ஸ்டனை உள்ளே வைத்து ஏமாற்றினால் தண்ணீரும் ஏமாறும். கட்டிகளில்தான் இந்தக் கவலை, வளையலில் அரிது.

ஹால்மார்க் மையத்தில் எக்ஸ் கதிர் கருவியால் பார்க்கச் சொல்வதும் நல்லதே. ஆனால் அக்கருவி மேல்தோலை மட்டுமே பார்க்கும். கனமான முலாம் அதனிடம் தப்பிவிடும். உள்ளிருப்பதையும் சேர்த்து எடைபோடுவது தண்ணீர்தான். இரண்டும் ஒத்துப்போனால் நம்பலாம்.

நைட்ரிக் அமிலச் சொட்டுச் சோதனையை வீட்டில் செய்யாதீர்கள். அமிலம் தங்கத்தைத் தொடாது. செம்பைக் கரைக்கும்போது எழும் பழுப்புப் புகை நுரையீரலைக் கெடுக்கும், மீதி சாக்கடைக்குப் போகும். கே.டி.எம். நகைகளில் பற்றுவைப்புக்குப் பயன்பட்ட காட்மியத்தின் ஆவியும் அப்படிப்பட்டதே. அது தங்கம் உருகும் 1064 டிகிரி வெப்பத்துக்கு வெகு முன்பே ஆவியாகிவிடுவதால், உருக்கும் இடத்தில் குழந்தைகளை நிறுத்தக் கூடாது.

பழைய நகையை உருக்கி மறுபடி செய்வதால் புதிதாகத் தோண்டும் தேவை குறைகிறது. தோண்டுவதன் விலையைக் காண நாம் தொலைவு போக வேண்டியதில்லை. மாவட்ட எல்லையைத் தாண்டிச் சிறிது தொலைவில் உள்ள கோலார் தங்கவயலில், 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் சென்ற சுரங்கம் 2001 பிப்ரவரி 28-இல் மூடப்பட்டது. ஒரு டன் பாறைக்குச் சில கிராம் தங்கத்தைச் சயனைடு கரைசலால் பிரித்தபின் எஞ்சிய அரைமண் இன்றும் அங்கே குன்றுகளாக நிற்கிறது. காற்றடித்தால் அந்தத் தூசு வீடுகளுக்குள் வருகிறது.

கடையில் புதிய நகை வாங்கும்போது, 2023 ஏப்ரல் முதல் கட்டாயமான, எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க எச்.யு.ஐ.டி. என்னும் ஹால்மார்க் குறியீட்டை, இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் இட்டுப் பார்த்துவிடுங்கள். பழைய நகைக்கு, உங்கள் தண்ணீர்க் கணக்கைத் துண்டுச்சீட்டில் எழுதிக்கொண்டு சென்று, கல்லையும் அழுக்கையும் நீக்கிய எடையை உருக்கும் முன் கேட்டு வாங்கிக் குறித்துக்கொள்ளுங்கள். உருகிய கட்டியை உங்கள் கண்முன் மறுபடி நிறுத்துக் காட்டும்வரை கவுன்டரை விட்டு நகராதீர்கள்.