சுவர்ப் பிளக்கைத் தொடாமல் வீட்டில் மின் சோதனை செய்வது எப்படி

முழுப்பரீட்சை முடிந்து பள்ளிக்கு விடுமுறை விட்டதும் கைப்பேசியில் பார்த்த ஏதோ ஒரு மின் சோதனையைச் செய்து பார்க்க ஒயரும் ஹோல்டரும் கேட்டு வரும் பிள்ளைகளை, தருமபுரி மாவட்டத்துப் பாலக்கோடு பக்கம் வயரிங் வேலை பார்க்கும் நான் ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். அவர்களை நான் விரட்டுவதில்லை. கரண்டை எங்கிருந்து எடுக்கப் போகிறாய் என்று மட்டும் கேட்பேன். பேட்டரி செல்லிலிருந்து என்றால் ஒயர் கிடைக்கும். பிளக்கிலிருந்து என்றால் கிடைக்காது.

ஏன் இந்தப் பிடிவாதம் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் விளங்கும். ஈரக் கையோடு இருக்கும் ஒருவரின் உடல் மின்சாரத்துக்குக் காட்டும் தடை ஏறக்குறைய 1,000 ஓம் அளவுக்கு இறங்கிவிடக்கூடும். அந்தக் கையில் 1.5 வோல்ட் செல் பட்டால் ஒன்றரை மில்லி ஆம்பியர் பாயும். நம் வீட்டு 230 வோல்ட் பட்டால் 230 மில்லி ஆம்பியர் பாயும். ஒரு மில்லி ஆம்பியர் அளவில் உடல் சுருக்கென்று உணர்கிறது. பத்தைத் தாண்டும்போது விரல்கள் ஒயரை இறுகப் பிடித்துக்கொள்வதால், விட நினைத்தாலும் விட முடியாமல் போகலாம். முப்பதுக்கு மேல் மூச்சுத் திணறி, அதற்கும் மேலே இதயம் சீரின்றித் துடிக்கத் தொடங்கும் ஆபத்து இருக்கிறது. பூசை அறையில் எரியும் 15 வாட் குண்டு பல்பு எடுத்துக்கொள்வது 65 மில்லி ஆம்பியர் என்பதோடு ஒப்பிட்டால், ஓர் உயிரை எடுக்க எவ்வளவு குறைந்த மின்சாரம் போதும் என்பது தெரியும்.

"எம்.சி.பி. இருக்கிறதே, டிரிப் ஆகிவிடும்" என்பதுதான் நான் அடிக்கடி கேட்கும் பதில். அளவுக்கு மேல் மின்சாரம் போனால் தானாக விழும் அந்த மெயின் பெட்டி ஸ்விட்ச், ஒயர் சூடேறித் தீப்பிடிக்காமல் காப்பதற்கானதே தவிர, மனிதரைக் காப்பதற்கானதன்று. பதினாறு ஆம்பியர் எம்.சி.பி.க்கு 230 மில்லி ஆம்பியர் ஒரு பொருட்டே இல்லை. ரப்பர் செருப்பை நம்புவதும் இப்படித்தான்: ஒரு கை பேஸிலும் (கரண்ட் வரும் ஒயர்) மறு கை நியூட்ரலிலும் (அது திரும்பிப் போகும் ஒயர்) பட்டால், மின்சாரம் காலுக்கு வராமல் நெஞ்சின் குறுக்கே போய்விடும்.

டெஸ்டரைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நானே அதனால் ஏமாந்திருக்கிறேன். வேலை கற்றுக்கொண்ட புதிதில், சித்திரை மாத நடுப்பகலில், மொட்டை மாடியில் ஒரு லைட்டின் ஒயரை டெஸ்டரால் தொட்டுப் பார்த்தேன். உள்ளே இருந்த நியான் விளக்கு எரிந்தது, ஆனால் அந்த வெயிலில் என் கண்ணுக்குத் தெரியவில்லை. கரண்ட் இல்லை என்று ஒயரைப் பிடித்ததும் கை உதறிப் பின்னால் விழுந்தேன். கைப்பிடிச் சுவர் இருந்ததால் பிழைத்தேன். அன்றிலிருந்து, கரண்ட் இருப்பது உறுதியாகத் தெரிந்த ஒரு பிளக்கில் டெஸ்டர் எரிகிறதா என்று முதலில் பார்த்து, நிழலில் கை மறைத்து ஒயரைச் சோதித்து, பிறகு மறுபடியும் அதே பிளக்கில் பார்ப்பேன். ஸ்விட்சை அணைத்ததே போதும் என்றும் இருக்கக்கூடாது. பழைய வீடுகளில் ஸ்விட்சை நியூட்ரலில் மாற்றிக் கொடுத்திருந்தால், பல்பு அணைந்த பிறகும் ஹோல்டரில் பேஸ் நிற்கும். மெயினை இறக்கிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

வீட்டில் செய்யவே கூடாதவற்றில் முதலாவது, 230 வோல்ட் பல்போடு இரண்டு ஒயர்களை உப்புத் தண்ணீரில் விட்டு எரிய வைப்பது. பாத்திரம் முழுவதும் மின்சாரம் ஏறி நிற்பதைக் கண்ணால் பார்க்க முடியாது. அடுத்தது, எல்.இ.டி. பல்பின் வெள்ளை மூடியைக் கழற்றி, கரும்புள்ளி விழுந்த சிப்பைச் சுரண்டி ஈயப் பற்று வைத்து, எரியவிட்டுப் பார்ப்பது. பெரும்பாலான மலிவு பல்புகளில் அந்தத் தகட்டின் பற்றுப் புள்ளிகள் மின்கம்பத்திலிருந்து வரும் லைனோடு நேரடித் தொடர்பில் இருக்கின்றன. கழற்றி வைத்த பிறகும் உள்ளிருக்கும் கன்டென்சர் 325 வோல்ட் வரை தேக்கி வைத்திருக்கக்கூடும். பழைய மைக்ரோவேவ் அடுப்பின் டிரான்ஸ்பார்மரை எடுத்து மரப்பலகையில் மின்னல் கோலம் போடுவது எல்லாவற்றிலும் கொடியது. சுமார் 2,000 வோல்ட் தரும் அதன் மறுபக்கச் சுருளில் ஒருவர் மாட்டிக்கொண்டால், வீட்டில் இருக்கும் எந்த டிரிப்பருக்கும் அது தெரியவே தெரியாது.

நம் பக்கத்தில் நடக்கும் ஒன்றையும் சொல்ல வேண்டும். காட்டுப்பன்றிக்கும் யானைக்கும் பயந்து, வீட்டு அல்லது கிணற்று மோட்டார் இணைப்பிலிருந்து வேலிக் கம்பிக்கு நேராகக் கரண்ட் கொடுப்பதைச் சிலர் சோதனையாகத் தொடங்குகிறார்கள். மாரண்டஅள்ளி அருகே 2023 மார்ச்சில் மூன்று யானைகள் இறந்தது அப்படிப்பட்ட வேலியில்தான். முறையான சோலார் வேலி, நொடிக்கு ஒரு முறை போல மிகக் குறுகிய துடிப்பாக மட்டுமே மின்சாரத்தை அனுப்புவதால் விலங்கு அதிர்ந்து விலகிவிடும். நேரடி லைன் விடாமல் பிடித்துக்கொள்ளும்.

கசியும் கரண்டை மண்ணுக்குள் இறக்கும் எர்த் விஷயத்திலும் இங்கே தனிக் கவனம் வேண்டும். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பாறை நிலத்தில், கோடையில் மண் காய்ந்தால், எர்த் குழியின் தடை பெருமளவு ஏறிவிடும். அது 50 ஓம் என்று வைத்துக்கொண்டால், கிரைண்டரின் உடலில் பேஸ் ஏறினாலும் எர்த் வழியாகப் போவது 4.6 ஆம்பியர்தான், எம்.சி.பி. விழாது, கிரைண்டர் ஷாக் அடித்துக்கொண்டே நிற்கும். எனவே கோடையில் எர்த் குழிக்குத் தண்ணீர் ஊற்றுவதோடு, 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. என்ற கசிவுத் தடுப்பு ஸ்விட்ச் ஒன்றை மெயினுக்குப் பக்கத்தில் பொருத்திக்கொள்ள வேண்டும். கசிவு முப்பதைத் தொடும்போதே அது இணைப்பைத் துண்டித்துவிடும். மாதம் ஒரு முறை அதன் டெஸ்ட் பொத்தானை அழுத்திப் பாருங்கள்; விழவில்லையென்றால் மாற்றுங்கள். பேஸையும் நியூட்ரலையும் ஒருசேரப் பிடித்தவரை அதுவும் காப்பாற்றாது.

இனி சோதனை மேசை. பிளக் பாயின்ட் இல்லாத சுவரோரமாக ஒரு மர மேசையைப் போட்டு, நான்கு பென்சில் செல்களைத் தொடராக இணைத்து 6 வோல்ட்டோ, ஒரு 9 வோல்ட் பேட்டரியோ வைத்துக்கொண்டால் பள்ளிப் பாடத்துக்கு வேண்டிய ஏறக்குறைய எல்லாமே செய்யலாம். ஆணியில் இனாமல் பூச்சுப் பூசிய செம்புக் கம்பி சுற்றி மின்காந்தம் செய்யும்போது சில நொடிகளுக்கு மேல் இணைத்து வைக்கக்கூடாது. கம்பியும் செல்லும் சூடேறும். மின்சாரம் செலுத்தித் தண்ணீரை வாயுக்களாகப் பிரித்துப் பார்க்க உப்புக்குப் பதிலாகச் சமையல் சோடா போட வேண்டும், ஏனென்றால் உப்பு போட்டால் குளோரின் வாயு வரும். கைப்பேசியிலிருந்து கழற்றிய பேட்டரியை இதற்குக் கொடுக்காதீர்கள், குத்துப்பட்டால் தீப்பிடிக்கும். இன்வெர்ட்டர் பேட்டரியின் 12 வோல்ட் உலர்ந்த கையில் ஷாக் அடிக்காது, ஆனால் அதன் இரண்டு முனைகளையும் ஸ்பேனரோ கையிலிருக்கும் மோதிரமோ இணைத்துவிட்டால் அது பழுத்துச் சதையைச் சுட்டுவிடும்.

யாராவது மாட்டிக்கொண்டால் அவரைத் தொடாமல் மெயினை இறக்குங்கள். மெயின் எட்டவில்லையென்றால் உலர்ந்த பலகை மேல் நின்று, உலர்ந்த மரக்கட்டையால் ஒயரைத் தள்ளுங்கள். இது வீட்டு ஒயருக்கு மட்டுமே. தெருக் கம்பத்திலிருந்து அறுந்த கம்பி என்றால் கட்டையோடும் நெருங்காமல், மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 எண்ணுக்குச் சொல்லிவிட்டு விலகி நிற்க வேண்டும். மின்சாரத்திலிருந்து விடுபட்டவர் மூச்சில்லாமல் கிடந்தால் 108க்கு அழைக்கச் சொல்லிக்கொண்டே நெஞ்சின் நடுவில் 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்துங்கள். எழுந்து உட்கார்ந்து ஒன்றுமில்லை என்று சொன்னாலும், நெஞ்சு படபடப்போ மயக்கமோ தீக்காயமோ இருந்தால் அன்றே மருத்துவமனையில் இ.சி.ஜி. எடுக்க வேண்டும். இந்த இரண்டு எண்களையும் மெயின் பெட்டியின் மூடியில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டி வைத்து, எந்த ஸ்விட்சை இறக்க வேண்டும் என்பதை வீட்டில் இருக்கும் பாட்டி வரைக்கும் ஒரு முறை கையைப் பிடித்துக் காட்டிவிடுங்கள்.