20 லூப் 27 ஆகாம நிட்டிங் கத்துக்கறது எப்படி

மூணு மாசம் வீடியோவ நிறுத்தி நிறுத்திப் பாத்தும் ஒரு சாண்கூட உருப்படியா பின்னல நான். கிளாஸ் போன முதல் நாளே டீச்சர் என் கையப் பாத்துட்டு, "நூல ஏங்க இப்படி இறுக்கிப் புடிச்சிருக்கீங்க, அது எங்க ஓடப் போகுது"ன்னாங்க. வீடியோ நம்ம கையப் பாக்காதுல்ல.

1. கிளாஸ் தேடறது

சேர்றதுக்கு முன்னாடி ரெண்டு கேள்வி கேளுங்க. சொல்லித் தர்றது நிட்டிங்கா, குரோஷேவா? நிறைய பேர் ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்புவாங்க. குரோஷேக்கு ஒரே கொக்கி ஊசி, நிட்டிங்க்கு ரெண்டு ஊசி, லூப் எல்லாம் ஊசிலயே வரிசையா உக்காந்திருக்கும். அடுத்து, ஒரு டீச்சருக்கு எத்தன பேர்? ஆறேழுக்கு மேல போனா உங்க கைக்கு அவங்க வந்து சேர்றதுக்குள்ள நேரம் முடிஞ்சிடும்.

நூல வலது கைல புடிக்கறது இங்கிலீஷ் ஸ்டைல், இடது கைல புடிக்கறது கான்டினென்டல். ரெண்டும் சரிதான், டீச்சர் எதச் சொல்லித் தர்றாங்களோ அதையே கொஞ்ச நாள் புடிச்சுக்கோங்க.

2. சாமான்

5 மில்லிமீட்டர் மூங்கில் ஊசி, நடுத்தர தடிமன்ல வெளிர் கலர் நூல், அவ்ளோதான். மெட்டல் ஊசில லூப் வழுக்கிட்டு ஓடும். கருப்பு நூலும் புசுபுசு நூலும் வேணவே வேணாம், லூப் எங்க இருக்குன்னே தெரியாது. பிகினர் கிட்னு விக்கறதும் என்னக் கேட்டா வேஸ்ட்.

3. காஸ்ட் ஆன்

பின்ன ஆரம்பிக்க ஊசில முதல் வரிசை லூப் ஏத்தறதுதான் காஸ்ட் ஆன். 20 லூப் போடுங்க. லாங் டெயில் முறைன்னா, அதாவது நூல் நுனில நீளமா ஒரு வால் விட்டு அதையும் சேத்து லூப் போடறதுன்னா, அந்த வால் நூல் பாதில தீந்துடும், எனக்கு மூணு தடவ தீந்துச்சு. ஊசில 20 சுத்து சுத்திப் பாத்து, அதுக்கு மேல ஒரு சாண் சேத்து விட்டுட்டு ஆரம்பிங்க.

4. என்னைக் கவுத்த இடம்

நிட் ஸ்டிச், அதான் அடிப்படைப் பின்னல், கிளாஸ்ல அரை மணில வந்துடும், அத விடுங்க. ஆனா பத்து வரிசை தாண்டி எண்ணிப் பாத்தா என்கிட்ட 27 லூப். மஃப்ளர் போட ஆரம்பிச்சது முக்கோணமா விரிஞ்சு போச்சு, எங்க தப்புன்னு ராத்திரி முழுக்க முழிச்சேன்.

விஷயம் என்னன்னா, ஒரு வரிசை முடிஞ்சு ஊசியத் திருப்பினதும் நூல் முதல் லூப்போட அடில தொங்கும், அத பின்னாடி கொண்டு போகணும்னு ஊசிக்கு மேல தூக்கிப் போட்டு இழுத்தா அந்த லூப்பே மேல ஏறி, அதோட ரெண்டு காலும் ரெண்டு லூப் மாதிரி தெரியும், நாமளும் நம்பி ரெண்டையும் பின்னிடுவோம். வரிசைக்கு வரிசை இப்படியே ஏறும். நூல ஊசிக்கு அடி வழியா பின்னாடி கொண்டு போங்க, தீந்துச்சு. வரிசைக்கு நடுவுல ஓட்டையோட ஒரு லூப் கூடினா அது வேற கேஸ், நூல் முன்னாடியே நின்னிருக்கும்.

ஒவ்வொரு வரிசை முடிஞ்சதும் எண்ணுங்க. சலிப்பா இருக்கும், பரவால்ல.

5. குரூப்

கிளாஸ்ல பின்னக் கத்துப்போம், பின்னினத சரி பண்ண, சேந்து உக்காந்து பின்னற குரூப்தான். எதிர்ல உக்காராதீங்க, எல்லாம் கண்ணாடில பாக்கற மாதிரி தலைகீழாத் தெரியும், பக்கத்துல உக்காருங்க. லூப் நழுவி ஏணி மாதிரி இறங்கினா பழகினவங்க வாங்கி குரோஷே ஊசியால நொடில ஏத்திடுவாங்க. "அக்கா, திரும்ப இறக்கி விடுங்க, நானே ஏத்தறேன்"னு கேளுங்க, யாரும் கோச்சுக்க மாட்டாங்க. பத்து பேர் பத்து விதமா சொல்வாங்க, அது வேற கூத்து.

எங்க குரூப் இருக்குன்னு தெரியலயா? பொது இடத்துல கூடிப் பின்னற நாள்னு 2005-லருந்து ஜூன் மாசம் பல நாடுகள்ல நடக்குது, அந்த சமயம் தேடினா சுலபமா மாட்டும்.

அப்டேட்: இடது கைக்காரங்க என்ன பண்றதுன்னு ரெண்டு பேர் கேட்டுட்டாங்க. நிட்டிங்ல ரெண்டு கைக்கும் வேலை இருக்கு, அதனால முதல்ல எல்லாரும் பண்ற மாதிரியே முயற்சி பண்ணுங்க, கான்டினென்டல் கைக்கு ஒத்து வரலாம். சுத்தமா வரலன்னா மட்டும் டீச்சருக்கு எதிர்ல உக்காந்து அப்படியே காப்பியடிங்க, மேல நான் வேணாம்னு சொன்ன அதே இடம்தான்.