இப்ப பிள்ளையின் முறை

கிளினிக்கில் நிறை பார்க்கும் வரிசையில் நிற்கும் எந்தத் தாயிடமும் பிள்ளையின் நிறையைக் கேளுங்கள், கிராம் கணக்கில் சொல்வார். பிள்ளை முதல் தடவை எதை விரல் நீட்டிக் காட்டியது என்று கேட்டால் யோசிப்பார். நிறையும் உயரமும் கிளினிக் கொப்பியில் கோடாக ஏறுவது கண்ணுக்குத் தெரிகிறது. அதே கொப்பியில் விருத்தி பற்றிய பக்கங்களும் இருக்கின்றன, அவற்றைத்தான் யாரும் புரட்டுவதில்லை. 2, 4, 6, 9, 12, 18 மாதங்களிலும் 3, 5 வயதுகளிலும் தடுப்பூசிக்குப் போகத்தானே வேண்டும். போவதற்கு முதல்நாள் இரவு அந்தப் பக்கங்களை ஒருமுறை வாசித்து, சந்தேகம் உள்ளதைக் குறித்துக்கொண்டு போனால் மிட்வைஃப் மிஸ்ஸிடம் கேட்க எட்டுத் தவணை கையில் இருக்கிறது.

பிள்ளையின் அறிவு வளர்வதும் ஆட்களோடு பழகக் கற்பதும் வீட்டில் ஒரே வேலையாகத்தான் நடக்கின்றன: பிள்ளை ஒன்று செய்யும், பெரியவர் பதில் கொடுப்பார், பிறகு மறுபடி பிள்ளையின் முறை. பந்து விளையாட்டு மாதிரி. நம் வீடுகளில் அன்புக்குக் குறைவில்லை, ஆனால் பிள்ளையின் முறையையும் நாமே விளையாடிவிடுகிறோம். கேள்வி கேட்டு, பதிலும் நாமே சொல்லி, 'கெட்டிக்காரன்' என்று கொஞ்சியும் முடித்துவிடுகிறோம். ஆகவே எந்த வயதுக்கும் முதல் பயிற்சி இதுதான்: ஒன்றைச் சொன்னபின் மனதுக்குள் ஐந்து எண்ணும்வரை வாயை மூடிக்கொண்டு பிள்ளையின் முகத்தைப் பாருங்கள். செய்து பார்த்தால்தான் அந்த ஐந்து எவ்வளவு நீளம் என்று தெரியும்.

முதல் ஆண்டு

பிறந்த குழந்தைக்கு 20 முதல் 30 சென்ரிமீற்றர் தூரம்தான் ஓரளவு தெளிவாகத் தெரியும். மடியில் கிடக்கும் பிள்ளைக்கும் தாயின் முகத்துக்கும் ஏறக்குறைய அதே தூரம். ஆறு முதல் எட்டு வாரத்தில் முகம் பார்த்துச் சிரிப்பு வரும். உடுப்பு மாற்றும்போது அந்தத் தூரத்தில் முகத்தை வைத்து ஒரு வசனம் சொல்லுங்கள், நிறுத்துங்கள். 'ங்ஙா' என்று ஒரு சத்தம் வரும், அல்லது கால் உதைக்கும். அதே சத்தத்தைத் திருப்பிக் கொடுங்கள். இரண்டு மூன்று சுற்றுக்குப் பிறகு பிள்ளை முகத்தைத் திருப்பினாலோ கொட்டாவி விட்டாலோ, போதும் என்று அர்த்தம். அந்த நேரத்தில் கிலுக்கை எடுத்து இன்னும் பலமாக ஆட்டுவதுதான் வழமையான பிழை. களைத்த பிள்ளை அழும், பசியாக்கும் என்று பால் கொடுப்பார்கள், அழுகை நிற்காது.

எட்டு, ஒன்பது மாதமளவில் ஒரு சங்கடம் வரும். மூதூரிலிருந்து பஸ் பிடித்து வந்த அப்பம்மா ஆசையாகக் கை நீட்ட, பிள்ளை வீரிட்டு அழும். 'ஆட்களோடு பழக்கவில்லை' என்று தாய்க்குப் பேச்சு விழும். உண்மையில் தெரிந்த முகம், தெரியாத முகம் என்று பிரித்தறியும் அளவுக்கு மூளை வளர்ந்திருப்பதன் அடையாளம் அது. செய்ய வேண்டியது லேசு. வந்தவர் பாயில் இருந்து முதலில் தாயோடு கதைக்கட்டும், பிள்ளையை நேரே பார்க்க வேண்டாம். ஒரு கரண்டியையோ வளையலையோ தன் முன்னால் வைத்துவிட்டு மற்ற வேலையைப் பார்க்கட்டும். பெரும்பாலும் கால் மணித்தியாலத்துக்குள் பிள்ளை தானாகத் தவழ்ந்து வரும். பிடுங்கித் தூக்கினால் அடுத்த முறை அரை மணித்தியாலம் பிடிக்கும்.

இதே வயதில்தான் துணிக்குக் கீழே மறைத்த கரண்டி அங்கேயே இருக்கிறது என்பது பிள்ளைக்கு விளங்கத் தொடங்குகிறது. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஜீன் பியாஜே தன் சொந்தப் பிள்ளைகளை வைத்துக் கவனித்து எழுதிய விஷயம் இது. நீங்களும் பிள்ளையின் கண் முன்னால் கரண்டியைத் துணியால் மூடிப் பாருங்கள். ஐந்து மாதத்தில் அதை மறந்துவிடும், ஒன்பது மாதத்தில் துணியை இழுக்கும். இதன் மறுபக்கம், கண்ணில் படாத அம்மாவும் எங்கேயோ இருக்கிறார் என்பதும் விளங்கும். அதனால்தான் அம்மா குசினிக்குள் போனாலே இப்போது அழுகை.

பத்து, பன்னிரண்டு மாதத்தில் பிள்ளை உங்கள் முகத்தை வாசிக்கத் தொடங்கும். திருகோணமலை டச்சுக்குடாக் கரையில் பின்னேரம் பிள்ளையை மணலில் இறக்கிவிட்டுக் கவனியுங்கள். அலை நுரைத்து வந்ததும் முதலில் அலையைப் பார்க்கும், உடனே திரும்பி உங்களைப் பார்க்கும், உங்கள் முகத்தைப் பொறுத்துத்தான் சிரிக்கும் அல்லது ஒட்டிக்கொள்ளும். 2004 மார்கழிச் சுனாமிக்குப் பிறகு கடலைக் கண்டால் முகம் இறுகுகிற அம்மம்மாக்கள் எங்கள் கரையோரத்தில் நிறையப் பேர். அவர்களில் பிழையில்லை. ஆனால் முதல் சில தடவை பிள்ளையைத் தண்ணீர் ஓரத்துக்குக் கூட்டிப்போக, பயமில்லாத ஒருவரை விடுங்கள். பெரியவரின் கை எட்டும் தூரத்தில்தான் பிள்ளை நிற்க வேண்டும் என்பதில் மாற்றமில்லை.

அடுத்தது விரல் நீட்டுவது. என்னைக் கேட்டால் முதல் சொல்லைவிட இதற்குத்தான் பாயசம் காய்ச்ச வேண்டும். பால் போத்தலைக் காட்டி 'தா' என்பது ஒரு வகை. கோட்டைக்குள்ளே கோணேசர் கோயிலுக்கு ஏறும் வழியில் நிற்கும் மானைக் காட்டிவிட்டு, திரும்பி உங்களைப் பார்ப்பது வேறு வகை. அதற்கு மான் வேண்டாம், நீங்களும் மானைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். ஒன்பது முதல் பதினான்கு மாதத்துக்குள் இது வரும். பிள்ளை காட்டியதை முதலில் நீங்கள் பாருங்கள். பிறகு பெயர் சொல்லுங்கள்: 'ஓம், மான். மான் புல் தின்னுது.' நிறுத்துங்கள். 'இது என்ன, சொல்லுங்க பாப்பம்?' என்று சோதனை வைக்காதீர்கள். தான் காட்டியதற்குப் பரீட்சை வரும் என்று தெரிந்தால் யார்தான் காட்டுவார்?

ஒன்று முதல் மூன்று வரை

முதல் சொல் ஒரு வயதுக்கு முன்பின் வரும். இரண்டு வயதில் இரண்டு சொல்லைத் தானாகச் சேர்க்க வேண்டும்: 'அம்மா வா', 'பால் வேணாம்'. பிள்ளை ஒரு சொல் சொன்னால் நீங்கள் ஒன்று கூட்டித் திருப்பிக் கொடுங்கள். 'பஸ்' என்றால் 'சிவப்பு பஸ்'. 'தண்ணி' என்பதைப் பிள்ளை 'தன்னி' என்றால் திரும்பச் சொல்ல வைத்துத் திருத்தத் தேவையில்லை, நீங்கள் சரியாகச் சொல்வது காதில் விழுந்தால் போதும்.

வீட்டில் தமிழ், பக்கத்து வீட்டில் சிங்களம், நேர்சரியில் ஆங்கிலப் பாட்டு: திருகோணமலைப் பிள்ளைக்கு இது சாதாரணம். இதனால் பேச்சு பிந்தும் என்று பயந்து தமிழை நிறுத்துகிற பெற்றோர் இருக்கிறார்கள். வேண்டாம். பல மொழி கேட்பது பேச்சுக் குறைபாட்டை உண்டாக்காது. சொற்களை எண்ணும்போது எல்லா மொழிச் சொல்லையும் கூட்டி எண்ணுங்கள். ஒரே வசனத்தில் இரண்டு மொழி கலப்பதும் வழமைதான். உங்களுக்கு எந்த மொழியில் கதை, கோபம், பகிடி எல்லாம் ஆறுதலாக வருமோ அந்த மொழியில் பிள்ளையோடு கதையுங்கள்.

போன் விஷயம். உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம், இரண்டு முதல் நான்கு வரை நாளுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் கூடாது. காரணம் எளிது, திரை பிள்ளைக்காகக் காத்திருக்காது. போனைக் காட்டிச் சோறு தீத்துவதில் இன்னொரு நட்டமும் உண்டு. வயிறு நிறைந்ததைப் பிள்ளை உணராமலே விழுங்கும், பிறகு போன் இல்லாமல் வாய் திறக்காது. நிறுத்துவதென்றால் ஒரேயடியாக நிறுத்துங்கள். மூன்று, நான்கு நாள் குறைவாகச் சாப்பிடும், நோயில்லாத பிள்ளை பட்டினி கிடக்காது. பாயில் எல்லோரோடும் இருத்தி, கோப்பையில் கொஞ்சச் சோற்றைப் பிசைந்து வைத்து, கையால் அளைய விடுங்கள். இருபது நிமிடத்தில் கோப்பையை எடுத்துவிடுங்கள்.

கட்டாரில் இருக்கும் அப்பாவோடு வீடியோ அழைப்பு இந்தக் கணக்கில் சேராது, அங்கே ஒரு ஆள் பதில் கொடுக்கிறார். சின்னப் பிள்ளைக்கு ஐந்து நிமிடம் போதும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி ஒரு பொருளை வைத்திருங்கள், ஒரு பந்து அல்லது கோப்பை. அப்பா அங்கே முகத்தைத் துவாயால் மூடி எடுக்க, பிள்ளை இங்கே செய்யட்டும். 'அப்பாட்ட ஹலோ சொல்லு, சொல்லு' என்று பின்னால் நின்று நெரிப்பதில் பயனில்லை.

என்.சி. வீதிக் கடையில் விளையாட்டுக் கார் வேண்டும் என்று பிள்ளை தரையில் விழுந்து புரளுகிறது. ஒன்றரை முதல் மூன்று வயதுக்குள் இது நடக்காத வீடு குறைவு. ஆசை பெரியவர் அளவு, அடக்கும் மூளைப்பகுதி தொடக்க நிலையில், சொல்லவும் சொல் போதாது. முதலில் சனத்தை மறவுங்கள். பாதி வேலை அதுதான், ஏனென்றால் நம்மில் பலர் பிள்ளைக்காக அல்ல, பார்ப்பவர்களுக்காகத்தான் அடிக்கிறோம். பிள்ளையின் உயரத்துக்குக் குந்தி, ஒரே ஒரு தடவை, சின்ன வசனத்தில்: 'கார் வேணும். கோவம் வருது. இண்டைக்கு வாங்கிறேல்ல.' பிறகு பேச வேண்டாம். அழுகை உச்சத்தில் இருக்கும்போது காரணம் விளக்கினால் காதில் ஏறாது. வெளியே தூக்கிப்போய் பக்கத்தில் நில்லுங்கள். மூச்சு இறங்கியதும் தண்ணீர் கொடுத்து, வேறு வேலைக்குப் போங்கள். கடைசியில் மனமிரங்கிக் காரை வாங்கினால், இருபது நிமிடம் அழுதால் கிடைக்கும் என்பது பாடமாகிவிடும். அடுத்த தடவை இருபத்தைந்து.

'பொலிஸ் பிடிச்சிடும்', 'டொக்டர் ஊசி போடுவார்' என்று வெருட்டுவது அந்த நேரத்துக்கு வேலை செய்யும். ஆனால் தொலைந்துபோனால் பொலிஸ்காரரிடம் போகவும், காய்ச்சலுக்கு டொக்டரிடம் வாய் திறக்கவும் அதே பிள்ளையைத்தான் பிறகு பழக்க வேண்டும்.

நேர்சரிக் காலம்

சேர்ப்பதற்கு ஒரு கிழமைக்கு முன்பே அந்த வழியால் இரண்டு மூன்று தடவை நடந்துபோய் வாசலையும் முற்றத்தையும் காட்டுங்கள். ஆசிரியை சம்மதித்தால் முதல் நாள் ஒரு மணித்தியாலம், கூடவே இருங்கள். இரண்டாம் நாளிலிருந்து விடைபெறுங்கள். விடைபெறுதல் அரை நிமிடம்: ஒரு கொஞ்சல், 'பாட்டு முடிய வருவன்', திரும்பிப் பார்க்காமல் போவது. நேரம் சொல்லாதீர்கள், மூன்று வயதுக்கு மணிக்கூடு விளங்காது. பாட்டு, சாப்பாடு என்று அடையாளம் சொல்லுங்கள், சொன்னபடி வாருங்கள். பிள்ளை விளையாட்டில் இருக்கும்போது தெரியாமல் நழுவுவதுதான் படுபிழை. அன்று அழாது, மறுநாளிலிருந்து உங்கள் சேலைத் தலைப்பை விடாது. இரண்டு கிழமை வரை காலை அழுகை இருக்கலாம். நீங்கள் போய்ப் பத்து நிமிடத்தில் அடங்குகிறதா என்று ஆசிரியையைக் கேளுங்கள், அதுதான் அளவுகோல்.

இரண்டு வயதில் பிள்ளைகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்து தனித்தனியாக விளையாடும். சேர்ந்து, பங்கு போட்டு விளையாட மூன்றரை, நான்கு ஆகும். ஆகவே இரண்டு வயதுப் பிள்ளை பொம்மையைக் கொடுக்காதது கஞ்சத்தனம் அல்ல. 'உங்கட முறை, பிறகு தம்பியின் முறை' என்று பத்து எண்ணி மாற்றிக் கொடுங்கள்.

மூன்று வயதில் அ, ஆ எழுதும் கொப்பி வேண்டாம். விரல் தசை பென்சிலுக்குத் தயாரில்லை, எழுதச் சொல்லி அழுத்தினால் பிடிப்பு பிழைத்து, எழுத்தே வெறுக்கும். ரொட்டி மா உருட்டுவது, உப்புவெளிக் கரையில் சிப்பி பொறுக்குவது, மணலில் தடியால் கீறுவது எல்லாம் அதே விரலுக்கான வேலைதான்.

நான்கு வயதளவில் பெரிய மாற்றம் ஒன்று நடக்கும். வெறும் பிஸ்கட் பெட்டிக்குள் போத்தல் மூடிகளைப் போட்டு, 'உள்ளே என்ன?' என்று கேளுங்கள். 'பிஸ்கட்' என்னும். திறந்து காட்டி மூடிவிட்டு, 'இதைப் பார்க்காத மாமி வந்தால் உள்ளே என்ன இருக்கென்று நினைப்பா?' என்று கேளுங்கள். மூன்று வயதுப் பிள்ளை பெரும்பாலும் 'மூடி' என்னும். தனக்குத் தெரிந்தது எல்லோருக்கும் தெரியும் என்பது அதன் எண்ணம். நான்கரை, ஐந்தில் 'பிஸ்கட்' என்று சொல்லிச் சிரிக்கும். ஒளித்துப் பிடிக்கும்போது தன் கண்ணை மட்டும் பொத்திக்கொண்டு நடு அறையில் நின்ற பிள்ளை, இப்போது கதவுக்குப் பின்னால் மூச்சடக்கி நிற்கும்.

பொய்யும் இதே வாசலால்தான் வரும். அம்மாவுக்குத் தெரியாதது தனக்குத் தெரியும் என்று விளங்கினால்தானே பொய் சொல்லலாம்! தரையெல்லாம் பால்மா, உதட்டிலும் பால்மா. அப்போது 'நீங்களா தின்ற?' என்று கேட்பது பொய்க்கு அழைப்புக் கொடுப்பது. 'பால்மா கொட்டியிருக்கு. துணி எடுங்க, துடைப்பம்' என்றால் போதும்.

பள்ளிக்கூட வயது

ஐந்து வயதுப் பிள்ளைக்கும் எட்டு வயதுப் பிள்ளைக்கும் ஒரே அளவு நெல்லி ரசத்தை, ஒன்றுக்கு உயரமான கிளாசிலும் மற்றதுக்கு அகலமான கோப்பையிலும் ஊற்றுங்கள். சின்னதுக்கு உயரமானதில் கூட இருக்கிறது, நீங்கள் அளந்து காட்டினாலும் ஒப்புக்கொள்ளாது. ஏழு வயதளவில்தான் இது தெளியும். அதுவரை ஒரே மாதிரி இரண்டு கோப்பை வாங்கி வையுங்கள், பாதிச் சண்டை தீரும்.

ஆறு, ஏழிலிருந்து விதி உள்ள விளையாட்டு ருசிக்கும். கிளித்தட்டு நல்ல பயிற்சி: கோட்டைத் தாண்ட வேண்டும், ஆனால் மறிப்பவர் திரும்பும்வரை பொறுக்க வேண்டும், அணியையும் பார்க்க வேண்டும். 'அவன் அளாப்புறான்' என்று அழுதுகொண்டு வந்தால் நியாயம் தீர்க்க முற்றத்துக்கு ஓடாதீர்கள். 'பிறகு என்ன செய்யப்போறீங்க?' என்று கேட்டுவிட்டு அந்த ஐந்தை எண்ணுங்கள். அடிதடியும் ஒதுக்கிவைப்பும் நாள்கணக்கில் தொடர்ந்தால் மட்டும் தலையிடுங்கள்.

ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சை ஆண்டில் பல வீடுகளில் விளையாட்டு நின்றுவிடுகிறது, நித்திரையும் குறைகிறது. இந்த வயதுக்கு இரவில் ஒன்பது மணித்தியாலமாவது நித்திரை வேண்டும். படித்தது மனதில் பதிவதில் அந்த நித்திரைக்கும் பங்கு உண்டு. ரியூஷன் முடிந்து வரும் பிள்ளையிடம் எத்தனை புள்ளி என்று வாசலிலேயே கேட்க வேண்டாம். தேத்தண்ணியைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் பக்கத்தில் இருந்தால், அது தானாகக் கதைக்கும்.

எப்போது காட்ட வேண்டும்

மூன்று மாதத்தில் முகம் பார்த்துச் சிரிக்கவில்லை, ஒரு வயதில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை, மழலைச் சத்தமோ கை காட்டுவதோ இல்லை, பதினாறு மாதத்தில் ஒரு சொல்லும் இல்லை, இரண்டு வயதில் இரண்டு சொல் சேரவில்லை, அல்லது எந்த வயதிலும் வந்த சொல்லோ பழக்கமோ மறைந்துபோனது: இதில் ஒன்று இருந்தாலும் தள்ளிப்போட வேண்டாம். 'அப்பாவும் பிந்தித்தான் கதைச்சவர்' என்பது நம் வீடுகளில் ஓராண்டைத் தின்றுவிடும் வசனம். மிட்வைஃப்பிடம் சொல்லுங்கள், அல்லது சுகாதார வைத்திய அதிகாரி காரியாலயத்துக்குப் போங்கள். அங்கிருந்து குழந்தை வைத்திய நிபுணரிடம் அனுப்புவார்கள். பேச்சுப் பிந்தினால் முதலில் காது கேட்கிறதா என்று சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். போகும்போது கிளினிக் கொப்பியோடு, வீட்டில் பிள்ளை விளையாடுவதை இரண்டு நிமிடம் போனில் எடுத்துக்கொண்டு போங்கள். புது இடத்தில் டொக்டரின் மேசைக்கு முன்னால் பிள்ளை வாயே திறக்காமல் இருக்கலாம், அந்த இரண்டு நிமிடம் அப்போது கைகொடுக்கும்.