இரட்டையர் டென்னிஸைத் தொழிலாகக் கொள்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் சேலத்தில் ஒரு போட்டியின் முதல் சுற்றில் தோற்று வெளியே வந்த என் மாணவன் ஒருவன், ஷூ லேஸைக்கூட அவிழ்க்காமல் பெஞ்சில் உட்கார்ந்து, அடுத்த வாரத்துக்கு வேறொரு பார்ட்னர் கிடைப்பானா என்று செல்பேசியில் தேடிக்கொண்டிருந்தான். அவனோடு சேர்ந்து தோற்றவன் மூன்றடி தள்ளி நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் அதே பெஞ்சில் நானும் அதே வேலையைச் செய்தவன் என்பதால், அவனைத் திட்ட வாய் வரவில்லை. வீட்டுக்கு வந்து இதை எழுத உட்கார்ந்தேன்.

சர்வதேசச் சுற்றின் அடிமட்டப் போட்டிகளில் ஆறு ஆண்டுகள் ஆடியிருக்கிறேன். அவற்றில் கடைசி மூன்று ஆண்டுகள் இரட்டையர் மட்டுமே. இப்போது வாரநாட்களில் சேலத்திலும் சனி, ஞாயிறுகளில் ஏற்காட்டிலும் பயிற்சி தருகிறேன். டபுள் ஃபால்ட், நெட்டில் நிற்பவரின் கைக்கே பந்தை அடிப்பது, நடுவில் வரும் பந்தை இருவரும் பார்த்துக்கொண்டு நிற்பது போன்றவற்றை எந்தப் பயிற்சியாளரும் முதல் மாதத்திலேயே திருத்திவிடுவார் என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

ஒற்றையரில் தோற்றதால் இரட்டையருக்கு வருவது

பாதிக் கோர்ட்டைக் காத்தால் போதும் என்ற எண்ணத்தில் வருகிறார்கள். ஒற்றையரில் 27 அடியாக இருக்கும் கோர்ட்டின் அகலம் இரட்டையரில் 36 அடியாகிறது. எதிரே இருவரும் நெட்டுக்கு ஏறிவிட்டால், பந்து திரும்பி வருவதற்குள் மட்டையைத் தூக்கவே நேரம் இருக்காது. வருமானக் கணக்கு இதைவிடக் கடினம். ஆகச் சிறிய எம்15 போட்டியின் மொத்தப் பரிசே 15,000 டாலர்தான்; அதிலும் பெரும்பகுதி ஒற்றையருக்குப் போய்விட, மீதியை இரட்டையரில் இரண்டிரண்டு பேராகப் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். ஆண்கள் தொழில்முறை டென்னிஸை நடத்தும் ஏடிபி அமைப்பின் போட்டிகளில், இரட்டையர் நுழைவில் ஒருவர் தம் ஒற்றையர் தரவரிசையையும் பயன்படுத்திக்கொள்ள இடம் உண்டு என்பதால், ஒற்றையரைப் பதினெட்டு வயதிலேயே கைவிடுபவன் இரட்டையருக்கான ஒரு சாவியையும் சேர்த்தே தொலைக்கிறான். கோயம்புத்தூரைச் சேர்ந்த ஸ்ரீராம் பாலாஜி, 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ரோகன் போபண்ணாவோடு ஜோடி சேர்ந்த இரட்டையர் ஆட்டக்காரர். அதே ஆண்டு பிப்ரவரியில் இஸ்லாமாபாதில் பாகிஸ்தானுக்கு எதிரான டேவிஸ் கோப்பை ஆட்டத்தில் ஒற்றையரில் இறக்கப்பட்டபோது, இறங்கி வென்றார்.

தரவரிசையைப் பார்த்து ஜோடியை மாற்றுவது

இதைப் பற்றிப் பேசத் தொடங்கினால் இன்றும் எனக்குக் குரல் உயர்ந்துவிடுகிறது.

இந்தத் தவறுக்கான தூண்டுதல் விதிகளுக்குள்ளேயே இருக்கிறது என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். இரட்டையர் டிராவுக்குள் (யாரோடு யார் மோதுவது என்ற பட்டியலுக்குள்) நுழைய ஜோடியின் இரண்டு தரவரிசைகளையும் கூட்டிப் பார்க்கிறார்கள். கூட்டுத்தொகை குறைவாக உள்ள ஜோடிக்கு முதலில் இடம். எம்15 போட்டியில் 16 ஜோடிகளுக்குத்தான் இடம் என்பதால், 900-ஆம் இடத்தில் உள்ள இருவர் சேர்ந்தால் வெளியே நிற்க நேரலாம். அவர்களில் ஒருவன் 400-ஆம் இடத்தில் உள்ள ஆளைப் பிடித்துவிட்டால் கூட்டுத்தொகை 1,800-லிருந்து 1,300 ஆகிக் கதவு திறந்துவிடும். கிடைக்கும் புள்ளிகளோ ஜோடிக்கு என்று இல்லாமல் ஒவ்வொருவர் கணக்கிலும் தனித்தனியாகச் சேர்கின்றன. எனவே இருபது வயதுப் பையன், பார்ட்னர் என்பவன் பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரன்தானே என்று முடிவு கட்டிவிடுகிறான்.

நானும் அப்படித்தான் முடிவு கட்டினேன். பதினொரு மாதங்கள் என்னோடு ஆடியவன் ஆத்தூர்ப் பக்கத்துப் பையன். சர்வ் போடுவதற்கு முன் மட்டையால் தன் ஷூவை இரண்டு முறை தட்டினான் என்றால் அவன் பயந்திருக்கிறான் என்றும், அந்த சர்வ் நடுக்கோட்டுக்குப் போகாமல் ஓரத்துக்குத்தான் போகும் என்றும் எனக்குத் தெரியும். தெரிந்ததால் நெட்டில் நான் குறுக்கே பாயாமல் என் ஓரத்தைக் காத்து நிற்பேன். இதை அவனும் என்னிடம் சொன்னதில்லை, நானும் அவனிடம் கேட்டதில்லை. ஐந்து போட்டிகளில் தொடர்ந்து முதல் சுற்றிலேயே தோற்றபோது, துருக்கியின் அந்தால்யாவில் மூன்று வாரங்கள் ஆட, என்னைவிட ஐந்நூறு இடங்கள் முன்னே இருந்த ஒருவர் பார்ட்னர் தேடுவதாகக் கேள்விப்பட்டேன். நான்கு வரிக் குறுஞ்செய்தியில் பழைய ஜோடியை முடித்துக்கொண்டேன். அவனிடமிருந்து வந்த பதில் “சரி” என்ற ஒரே சொல்.

முதல் வாரம், முதல் சுற்று. நெட்டில் நிற்பவர் முதுகுக்குப் பின்னால் கையால் காட்டும் சைகைகளை அன்று காலை இட்டிலிகூட இல்லாத அந்த ஹோட்டல் மேசையில் இரண்டு நிமிடம் பேசி ஒப்புக்கொண்டிருந்தோம்: மூடிய முஷ்டி என்றால் நிற்பேன், விரித்த உள்ளங்கை என்றால் பாய்வேன். அவருடைய பழைய ஜோடியில் இது நேர்மாறாக இருந்திருக்கிறது. இரண்டாவது செட்டில் 40-40 வந்தபோது, பதற்றத்தில் அவர் கை பழைய பழக்கத்துக்கு ஓடி முஷ்டியைக் காட்டியது. அவர் நிற்கப்போகிறார் என்று நம்பி சர்வ் போட்டுவிட்டு என் பக்கத்திலேயே இருந்தேன். அவர் குறுக்கே பாய்ந்தார். பந்து அவர் விட்டுப்போன ஓரத்தில் நேராகப் போய் விழுந்தபோது, நாங்கள் இருவரும் கோர்ட்டின் ஒரே பாதியில் தோளோடு தோள் நின்றிருந்தோம். எதிரே இருந்தவர்களில் ஒருவர் சிரித்ததை நான் இன்றும் மறக்கவில்லை.

இரண்டாவது வாரம் அவர் ஒற்றையரில் காலிறுதிக்குப் போனார். தோள் வலிக்கிறது என்று அன்றே இரட்டையரிலிருந்து விலகிக்கொண்டார். டிரா போட்ட பிறகு ஒருவர் விலகினால் ஜோடியே விலகியதாகிவிடும். முன்னேறிய ஒற்றையர் ஆட்டக்காரருக்கு இரட்டையர் என்பது சாப்பாட்டில் ஊறுகாய் மாதிரி என்பதையும், அதில் அவரைக் குறைசொல்ல முடியாது என்பதையும் நான் முன்பே யோசித்திருக்க வேண்டும். மூன்றாவது வாரம் அவருக்கு என்னைவிட நல்ல ஆள் கிடைத்துவிட்டார். விமானச் சீட்டை மாற்றும் கட்டணம் அறை வாடகையைவிட அதிகமாக இருந்ததால், அந்த வாரம் முழுவதும் ஆடாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். பணம் என் அப்பாவுடையது. செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறையில் அவர் சம்பாதித்தது. ஊர் திரும்பி நடந்ததைச் சொன்னபோது அவர் கோபப்படவில்லை. “ஒத்தக் கொலுசைத் தொலைச்சிட்டு வந்து, இன்னொண்ணு பண்ணிக் குடுங்கன்னு நிக்கிறவங்களை நான் தினம் பாக்கறேன் கண்ணு. புதுசா ஒண்ணு பண்ணினா பழசோட சேராது. ரெண்டையும் உருக்கித்தான் ஆகணும்” என்றார்.

ஆத்தூர்க்காரன் வேறொருவனோடு சேர்ந்து இரண்டு ஆண்டுகள் பிரியாமல் ஆடித் தரவரிசையில் என்னைக் கடந்து போனான். நான் அந்த இரண்டு ஆண்டுகளில் ஒன்பது பேரோடு ஆடினேன். புள்ளிகளுக்கு ஆயுள் 52 வாரங்கள்தான்; சென்ற ஆண்டு ஒருவனோடு சேர்த்த புள்ளிகள் கழியும் வாரத்தில், அவற்றை ஈடுகட்ட முன்பின் தெரியாத ஒருவனோடு கோர்ட்டில் நிற்பது எத்தகைய வேதனை என்பதை அனுபவித்தவர்கள் அறிவார்கள்.

ஜோடியை மாற்றவே கூடாது என்று நான் சொல்லவில்லை. குடகின் காபித் தோட்டக் குடும்பத்திலிருந்து வந்த போபண்ணா எத்தனையோ பேரோடு ஆடியவர். 2010-இல் ஐசாம் உல் ஹக் குரேஷியோடு அமெரிக்க ஓப்பன் இறுதிக்குப் போனவர், ஆண்கள் இரட்டையரில் தம் முதல் கிராண்ட்ஸ்லாம் பட்டத்தை 2024 ஆஸ்திரேலிய ஓப்பனில், 43 வயதில், மேத்யூ எப்டனோடு வென்றார். இதைக் காட்டித்தான் மாணவர்கள் என்னோடு வாதம் செய்கிறார்கள். ஆனால் அந்தப் பட்டத்துக்கு முன் அவ்விருவரும் 2023 முழுவதும் சேர்ந்தே ஆடி, அமெரிக்க ஓப்பன் இறுதியில் தோற்றும் இருந்தார்கள், தோற்றதற்காகப் பிரிந்துவிடவில்லை. மறுபக்கம் லியாண்டர் பயஸும் மகேஷ் பூபதியும் 1999-இல் நான்கு கிராண்ட்ஸ்லாம் போட்டிகளிலும் இறுதிக்குப் போய், பிரெஞ்சு ஓப்பனையும் விம்பிள்டனையும் வென்ற ஜோடி. அதன்பின் பிரிவதும் சேர்வதுமாகக் கழிந்த ஆண்டுகளை நினைத்தால், அந்தக் காலத்தில் டென்னிஸ் பார்த்து வளர்ந்த எங்களுக்கு இன்னும் மனம் ஆறவில்லை.

ஆகவே என் மாணவர்களிடம் இப்போது சில நிபந்தனைகள் வைத்திருக்கிறேன். சேரும்போதே எத்தனை வாரங்கள், எந்தெந்தப் போட்டிகள் என்று தாளில் எழுதி இருவரும் வைத்துக்கொள்ள வேண்டும். ஒற்றையரில் முன்னேறினால் இரட்டையரை என்ன செய்வதாக உத்தேசம் என்பதைக் கூச்சப்படாமல் முதல் நாளே கேட்டுவிட வேண்டும். பிரிவதாக இருந்தால் நேரில் சொல்ல வேண்டும். அதுவும் தோற்ற அன்று சொல்லக் கூடாது.

பழைய கணக்கில் பயிற்சி செய்வது

ஏடிபி இரட்டையரில் 2006 முதல், 40-40 வந்தால் அட்வான்டேஜ் கிடையாது. அடுத்த ஒரே புள்ளியில் கேம் முடிந்துவிடும். செட் ஆளுக்கொன்று என்றால் மூன்றாவது செட்டுக்குப் பதிலாக, 10 புள்ளிக்கு ஆடும் குறுகிய முடிவாட்டமான டைபிரேக். (செட் என்றதும் சேலத்துக்காரர்களுக்குத் தட்டுவடை செட் நினைவுக்கு வருவது வேறு விஷயம்.) அந்த ஒற்றைப் புள்ளியில் எந்தப் பக்கம் ரிட்டர்ன் எடுப்பது (சர்வைத் திருப்பி அடிப்பது) என்பதை ரிட்டர்ன் எடுக்கும் ஜோடியே தேர்ந்தெடுக்கலாம். யார் எடுப்பது என்று அந்த நேரத்தில் கூடிப் பேசுபவர்கள் பெரும்பாலும் தோற்பதைப் பார்க்கிறேன். அது முந்தைய நாளே முடிவாகியிருக்க வேண்டும்.

ஏற்காட்டில் பழகிவிட்டுச் சேலத்தில் ஆடுவது

வெயிலுக்குப் பயந்து ஏப்ரல், மே மாதங்களில் இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி மேலே பயிற்சிக்கு வருகிறார்கள். மூச்சுக்கும் காலுக்கும் அது நல்லதுதான். ஆனால் ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 1,219 மீட்டருக்கு மேல் ஆடுவதற்கென்றே டென்னிஸ் விதிகளில் தனிவகைப் பந்துகள் குறிக்கப்பட்டுள்ளன. காற்றின் அடர்த்தி குறைவதால் பந்து வேகம் இழக்காமல் பறக்கும். வெளியழுத்தம் குறைவதால், சேலத்துக் கடையில் வாங்கிய சாதாரணப் பந்து மேலே வழக்கத்தைவிட உயரமாக எழும்பும். இரண்டு வாரம் அங்கே லாப் (எதிராளியின் தலைக்கு மேலே தூக்கி அடிப்பது) அடித்துப் பழகியவன் கை தானாகவே அளவைக் குறைத்துக்கொள்ளும். கீழே வந்து அதே கையால் அடிக்கும் லாப், நெட்டில் நிற்பவரின் மட்டைக்கு வாகாகப் போய் இறங்கும். போட்டிக்கு நான்கு நாட்களுக்கு முன்பாவது மலையிலிருந்து இறங்கிவிடுங்கள்.

ரிட்டர்ன்

சர்வுக்கு ஒரு மணி நேரம் செலவழித்தால் இதற்கு இரண்டு.

“சாரி” சொல்வது

ஒரு ஆட்டத்தில் ஒரு முறை போதும்.

யார் எந்த முனையிலிருந்து சர்வ் போடுவது என்று யோசிக்காதது

இரட்டையரில் நான்கு பேரும் வரிசை மாறாமல் சர்வ் போடுவதாலும், ஒற்றைப்படை கேம்களுக்குப் பின் முனை மாறுவதாலும், டைபிரேக் வந்தாலொழிய, ஒரு செட் முடியும் வரை ஒவ்வொருவரும் ஒரே முனையிலிருந்துதான் சர்வ் போடுவார்கள். தாளில் முதல் ஒன்பது கேம்களை வரைந்து பார்த்தால் இது விளங்கும். வடக்கு தெற்காகப் போடப்பட்ட கோர்ட்டில், டிசம்பர் பிற்பகலில் வடமுனையில் நின்று தெற்கே பார்த்து சர்வ் போடும் வலதுகைக்காரர், பந்தைத் தூக்கிப்போடும் வலப்பக்கத்தில்தான் சூரியனும் இருக்கும். அவர் செட் முழுக்கக் கண் கூசியே போட வேண்டும். ஜோடியில் இடதுகைக்காரர் ஒருவர் இருந்தால் அந்த முனையை அவருக்குத் தந்துவிடலாம். இல்லையென்றால் இருவரில் பந்தைத் தாழ்வாகத் தூக்குபவருக்குத் தரலாம். அடுத்த செட் தொடங்கும்போது வரிசையை மாற்றிக்கொள்ள விதி அனுமதிக்கிறது. நான் பார்க்கும் பத்து ஜோடிகளில் எட்டு, டாஸ் வென்றவுடன் “நீ போடறியா, நான் போடட்டுமா” என்று கேட்டுக்கொண்டு, முதலில் பந்து யார் கையில் இருக்கிறதோ அவரே போட்டுவிடுகிறது.

தொப்பி

இதற்கு அது தீர்வாகாது. அண்ணாந்து பார்க்கும்போது அதன் விளிம்பும் கூடவே அண்ணாந்துவிடும்.